உடைந்த காரும் மீன் பேணியும்: அடித்தட்டுக்கு எந்தத் தகடு?

நியூ ஜேர்சியில் நாம் குடியிருக்கும் தொடர்மாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் மகன் இரண்டு மாதகாலம் முயன்று செய்த வானொலிக் கட்டுப்பாட்டுக் கார் தன் முதலாவது ஓட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே நடைபாதையின் சீமெந்து விளிம்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. மோட்டோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில்லுகள் நான்கும் நலமாயிருந்தன. பற்றரியும் தப்பிக்கொண்டது. உடைந்தது, இவை யாவற்றையும் தாங்கி நின்ற, சேஸி எனப்படும் அடித்தட்டு மட்டுமே.

அது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்ரிலிக் தகடு. உள்ளே ஓடும் வயர்கள் கீழிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்பதற்காக மகனே விரும்பித் தெரிந்தெடுத்தது. "அப்பா, கண்ணாடி மாதிரி உடைஞ்சுபோச்சு" என்று இரு துண்டுகளையும் இரு கைகளிலும் ஏந்தியபடி வந்து நின்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. அக்ரிலிக் பார்வைக்கு மட்டுமன்றி, முறியும் விதத்திலும் கண்ணாடிக்கு உறவுக்காரன். வளையாது, முன்னறிவித்தல் தராது, ஒரு துளையின் ஓரத்திலே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றில் தொடங்கி ஒரே கணத்தில் மறு விளிம்புவரை ஓடிவிடும். உறைகுளிர் அதற்கு இன்னும் உதவி செய்யும்.

கடைகளில் விற்கும் நல்ல கார்களுக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கவேண்டும். இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் பலருக்கு அது இயலாத காரியம். பழைய விளையாட்டுக் கார்களிலிருந்து மோட்டோரையும் சில்லுகளையும் கழற்றியெடுத்துத் தாமே ஒன்றைச் செய்யப் பிள்ளைகள் முற்படும்போது, அவர்கள் முதலில் வந்து கேட்கும் கேள்வி, "அடியில் எதைப் போடுவது?" என்பதே. எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் தேடி அறிந்தவற்றை, என்னைப் போன்ற ஏனைய பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மோதலின் வலுவை அறிந்துகொள்வது நல்லது. பற்றரியுடன் சேர்த்து ஒன்றரைக் கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சுவரில் மோதுவதென்பது, அதே காரை மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஊரில் உள்ள கல்வீடு ஒன்றின் கூரை விளிம்பிலிருந்து, சீமெந்துத் தரையில் போடுவதற்கு ஒப்பானது. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும். விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விறைப்பு வேறு, உறுதி வேறு

தகடு வாங்கச் செல்லும் எவரும் செய்யும் தவறு, கையில் எடுத்து வளைத்துப் பார்த்து, வளையாததை உறுதியானது என்று தீர்மானிப்பதாகும். வளையாமை என்பது விறைப்பு. உடையாமை என்பது வேறு குணம். அக்ரிலிக் தகடு பொலிகார்பனேற் தகட்டைவிடச் சற்று விறைப்பானது. ஆயினும் சம்மட்டியால் அடித்தால் அக்ரிலிக் சிதறும், பொலிகார்பனேற் பள்ளம் விழுந்து நிற்கும். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. பொலிகார்பனேற்றை 1953 இல் ஜேர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹேர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் டானியல் ஃபொக்ஸ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்தனர். லெக்சான் என்ற பெயரில் கடைக்காரர் தருவது இதுதான். வானொலிக் கார்களின் மேல்மூடிகள் பெரும்பாலும் இதனாலேயே செய்யப்படுகின்றன.

அப்படியானால் அடித்தட்டையும் பொலிகார்பனேற்றிலேயே செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் அது தொய்யும். அடித்தட்டு தொய்ந்தால் மோட்டோரின் சிறு பற்சில்லும் அச்சின் பெரிய பற்சில்லும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பற்கள் அரைபட்டுப் போகும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள தகட்டை, 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு தடித்த புத்தகங்களின்மேல் பாலம்போல வைத்து, நடுவிலே ஒரு கிலோ சீனிப் பையை வையுங்கள். கணக்குப்படி 3 மில்லிமீற்றர் பொலிகார்பனேற் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தொய்யும். அதே தடிப்பில் கண்ணாடியிழைத் தகடு முக்கால் மில்லிமீற்றருக்கும் குறைவாகவே தொய்யும். அலுமினியம் தொய்வதைக் கண்ணால் காண்பதே அரிது. அது பொலிகார்பனேற்றைவிட ஏறத்தாழ 30 மடங்கு விறைப்பானது.

இங்கே ஓர் உபாயம் உண்டு. தகட்டின் தடிப்பை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஆகவே பாரமற்ற ஒரு பொருளைத் தடிப்பாகப் பயன்படுத்துவது, பாரமான ஒன்றை மெல்லியதாகப் பயன்படுத்துவதைவிடப் பல வேளைகளில் இலாபமானது. இதை அறிந்தபோதுதான் எங்கள் வீட்டில் பேச்சு ஒட்டுப்பலகையின் பக்கம் திரும்பியது.

அம்மப்பாவின் பலகை

என் மனைவியின் தந்தையார் ஊரில் பூவரசிலும் வேம்பிலும் தளபாடம் செய்தவர். அடித்தட்டு உடைந்த அன்றே, "பலகையிலை செய்யுங்கோவன் தம்பி" என்று பேரனுக்குச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் பிறந்த பேரனுக்கு அது பழைய காலத்து யோசனையாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான். பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் பார்த்தபோது நாங்கள் இருவரும் வாயடைத்துப் போனோம்.

30 சென்ரிமீற்றர் நீளமும் 12 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள அடித்தட்டை 3 மில்லிமீற்றர் அலுமினியத்தில் செய்தால் அதன் நிறை ஏறக்குறைய 290 கிராம். அதே அளவில் 6 மில்லிமீற்றர் பேர்ச் ஒட்டுப்பலகையில் செய்தால் ஏறக்குறைய 150 கிராம். மேற்படலத்தின் இழை காரின் நீளவாக்கில் அமையுமாறு வெட்டினால், விறைப்பு இரண்டிலும் கிட்டத்தட்டச் சமம். அதாவது பாதி நிறையில் அதே பலன். இது விந்தையல்ல. இரண்டாம் உலகப்போரின் மிக வேகமான விமானங்களுள் ஒன்றாகிய பிரித்தானியாவின் மொஸ்கிற்றோ, 1940 கார்த்திகையில் முதன்முதலாகப் பறந்தபோது, அதன் உடல் பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கிடையே பல்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டிருந்தது. வானொலிக் கார்களால் உலகப் புகழ்பெற்ற யப்பானிய நிறுவனமாகிய தமியாவும் 1946 இல் மர வியாபாரமாகத் தொடங்கி, மரத்தாலான மாதிரிகள் செய்து, அதன் பின்னரே பிளாஸ்ரிக்குக்கு மாறியது.

ஒட்டுப்பலகைக்கும் குறைகள் உண்டு. ஈரம் ஆகாது, ஆகவே வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு மூன்று தடவை வார்னிஷ் பூசவேண்டும். போல்ற்றை இறுக்கும்போது நட்டு மரத்துக்குள் புதையும். அகலமான வாசர் இடுவது அவசியம். துளைகள் ஓரத்துக்கு மிக அருகில் இருந்தால் பிளக்கும். துளையின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே தள்ளித் துளைக்கவேண்டும். கட்டடப் பொருட்கடைகளில் கிடைக்கும் மலிவான மென்மரப் பலகையில் உள்ளே வெற்றிடங்கள் இருக்கும், அதை வாங்காதீர்கள். பேர்ச் பலகையின் வெட்டுமுகத்தில் மெல்லிய படலங்கள் இடைவெளியின்றி நெருக்கமாகத் தெரியும். அம்மப்பா விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை.

பேணி செய்த பாடம்

எங்கள் தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் வண்டில் செய்யத் தெரியும். நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியால் இணைத்து, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஓடினோம். சற்றே வளர்ந்தபின் தட்டையான சாடின் மீன் பேணியில் கம்பி கோத்து, சோடா மூடிகளைச் சில்லாக்கி, நூல் கட்டி இழுத்தோம். பற்றரி வைத்து ஓட்டுவதைப்பற்றிப் பேச்சே இல்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்று. வானொலிச் செய்தி கேட்பதற்கே சைக்கிள் டைனமோவைச் சுழற்றினோம் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த மீன் பேணியைப் பற்றி இன்று நினைக்கும்போது ஒன்று புலனாகிறது. அதன் தகரம் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. ஆயினும் அதற்குள் கல்லும் மண்ணும் ஏற்றி இழுத்தோம்; அது வளையவில்லை. அதே பேணியின் நான்கு பக்கச் சுவர்களையும் வெட்டி அகற்றிவிட்டு அடித்தகட்டை மட்டும் எடுத்தால், இரண்டு விரல்களால் மடித்துவிடலாம். விறைப்பு தகரத்தில் இருக்கவில்லை. மேலே மடிந்த சுவர்களில் இருந்தது.

கலிபோர்னியாவின் தென்பகுதியில் இயங்கிய அசோசியேற்றட் எலெக்ரிக்ஸ் நிறுவனம் 1984 இல் ஆர்சி10 என்ற காரை வெளியிட்டது. அதன் அடித்தட்டு, பொன்னிறம் ஏற்றப்பட்ட அலுமினியத்தாலான ஒரு தொட்டி. மெல்லிய தகடு, மடித்து உயர்த்திய பக்கங்கள். எங்கள் மீன் பேணியின் அமைப்பேதான். 1985 இல் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் நடைபெற்ற பத்திலொரு அளவுக் கார்களின் முதலாவது உலகப் போட்டியில், இருசில்லு உந்துகைப் பிரிவில் வென்றது இந்தக் கார்தான். இதை மகனுக்குச் சொன்னபோது, "அப்ப நீங்கள் அதை முதலே கண்டுபிடிச்சிட்டியள்" என்று சிரித்தான்.

அலுமினியத்தில் செய்ய விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அலுமினியத் தகடுகள் எண்களால் குறிக்கப்படும். 6061-ரி6 என்பது உறுதியில் பெயர்பெற்றது. ஆனால் வீட்டில் பிடிகருவியில் வைத்துக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலே வெடிக்கும். மடிப்பதற்கு ஏற்றது 5052. ஒன்றரை மில்லிமீற்றர் 5052 தகட்டின் இரு ஓரங்களையும் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேலே மடித்தால், தட்டையான 3 மில்லிமீற்றர் தகட்டைவிட அது நீளவாக்கில் பன்மடங்கு விறைப்பாக இருக்கும். மடிப்பு வளைவாக இருக்கட்டும். கத்தி விளிம்புபோல மடிக்கவேண்டாம். அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: மோதினால் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். நிமிர்த்தலாம்; ஆனால் பழைய நேர்மை திரும்புவதில்லை.

தூசி, வெப்பம், தீ

நியூ ஜேர்சியில் பேர்த் அம்போய் நகரத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவர்கள் நம்மில் பலர். செயற்கைப் பிளாஸ்ரிக்கின் முன்னோடியாகிய பேக்கலைற்றை 1907 இல் கண்டறிந்த லியோ பேக்லண்ட், 1910 இல் தம் நிறுவனத்தை அமைத்துத் தொழிற்சாலை நடத்தியது அந்த நகரத்திலேதான். தாளிலோ துணியிலோ அந்தப் பிசினை ஊறவைத்து அழுத்தினால் தகடு கிடைக்கும். சமையலறை மேசையில் உள்ள போர்மைக்காவும் பழைய வானொலிப் பெட்டிகளின் உள்ளே இருந்த மண்ணிறச் சுற்றுப்பலகையும் அந்த வழிவந்தவையே. பிற்காலத்தில் தாளுக்குப் பதிலாகக் கண்ணாடி நெசவும், பேக்கலைற்றுக்குப் பதிலாக எப்பொக்சிப் பிசினும் வந்தன. அதுவே ஜி-10. அதற்கே தீத்தடுப்புக் குணம் சேர்த்தால் எஃப்ஆர்-4. பே ஏரியாவில் இலத்திரனியல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் நாள்தோறும் கையாளும் பச்சைப் பலகை அதுதான். 1979 இல் தமியா வெளியிட்ட சான்ட் ஸ்கோர்ச்சர் காரின் அடித்தட்டும் கண்ணாடியிழைத் தகடே.

ஒட்டுப்பலகைக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைக்கக்கூடிய தகடு இதுவே. மோதலில் சிறிது வளைந்து, பின் தன் நிலைக்குத் திரும்பும். ஈரத்துக்கும் குளிருக்கும் அஞ்சாது. ஆனால் இதை அறுக்கும்போது எழும் தூசி கண்ணாடித் தூசி. அதைச் சமையலறை மேசையில் வைத்து அறுப்பது, தவழும் குழந்தை உள்ள வீட்டில் செய்யத்தகாத செயல். வெளியிலே, தகட்டை நனைத்து, முகமூடியும் கண்கவசமும் அணிந்து அறுக்கவேண்டும். அணிந்த உடுப்பைத் தனியே தோய்க்கவேண்டும். கார்பன் இழைத் தகட்டுக்கும் இதே விதி பொருந்தும். அதற்கு மேலதிகமாக அதன் தூசி மின்சாரத்தைக் கடத்தும்; இலத்திரனியற் பலகையில் படிந்தால் குறுஞ்சுற்று ஏற்படலாம். தகடுமே 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலையை மறைக்கும். அலைவாங்கியின் வயரை அதற்கு மேலே குழாயில் நிமிர்த்தி வைக்கவேண்டும். பையனின் முதலாவது காருக்குக் கார்பன் இழை வாங்கிக் கொடுப்பது, நடை பழகும் பிள்ளைக்குப் பட்டுவேட்டி எடுப்பதுபோல என்பது என் கருத்து. கேட்டு அடம்பிடிப்பான், கொடுக்கவேண்டாம்.

பே ஏரியாவில் உள்ளவர்களுக்குத் தகடு தேடுவது இலகு. டாப் பிளாஸ்ரிக்ஸ் என்ற கடைத்தொடர் பிளாஸ்ரிக் தகடுகளைக் கேட்ட அளவில் வெட்டித் தருகிறது. பழைய இலத்திரனியற் பொருட்களுக்குப் பெயர்போன சன்னிவேல் வியர்ட் ஸ்டஃப் கடை 2018 இல் மூடப்பட்டுவிட்டது என்பதைப் பழையவர்கள் வருத்தத்துடன் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ரெக்சாசில் நிலைமை வேறு. அங்கே பகைவன் குளிரல்ல, வெயில். கோடையில் பூட்டிய காரின் பின்பெட்டியில் விளையாட்டுக் காரை விட்டுச்செல்வோர், நூலகங்களிலே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிஎல்ஏ பிளாஸ்ரிக்கால் செய்த பாகங்கள் உருக்குலைந்து கிடப்பதைக் காணலாம். அது ஏறக்குறைய 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். அந்த மாநிலத்தில் 1986 இல் தொடங்கிய ட்ராக்ஸஸ் நிறுவனத்தின் பிரபலமான கார்களின் அடித்தட்டு, வலுவூட்டிய நைலோனை அச்சில் வார்த்த தொட்டி. வளைந்து மீள்வதிலே அதற்கு நிகரில்லை. ஆனால் அதற்கு உருக்கு அச்சு வேண்டும். வீட்டில் வார்க்க இயலாது. வீட்டில் அதற்கு மிக நெருங்கியது பொலியெத்திலீன், அதாவது சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பலகை. கடுங்குளிரிலும் அது உடையாது. தொய்யும், சாதாரணப் பசை ஒட்டாது, போல்ற்றினால்தான் பொருத்தலாம். முழு அடித்தட்டுக்கு ஆகாவிடினும், முன்னால் நிற்கும் இடிதாங்கிக்கு அதைப்போல் வேறொன்றில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். திருகாணி தளராதிருக்க இடும் ஒட்டுத்திரவம் பொலிகார்பனேற், ஏபிஎஸ் ஆகிய பிளாஸ்ரிக்குகளில் பட்டால் சில நாட்களில் கீறல் விழச்செய்யும். அவற்றுக்கு நைலோன் பூட்டு நட்டே தகுந்தது. மற்றது, இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. லிதியம் பொலிமர் பற்றரி துளைக்கப்பட்டால் தீப்பற்றும். அடித்தட்டு உடையும்போது அதன் கூரிய முனையோ, நீண்டு நிற்கும் போல்ற்றின் நுனியோ பற்றரியில் குத்துமா என்பதை முதலில் பாருங்கள். போல்ற்றின் தலை பற்றரியின் பக்கமும் நுனி வெளிப்பக்கமும் இருக்கட்டும். எங்கள் அக்ரிலிக் தட்டு பற்றரிக்கு ஒரு சென்ரிமீற்றர் அப்பால் பிளந்தது என்பதை வீட்டுக்கு வந்த பின்னரே கவனித்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொடர்மாடியில், தீவிபத்து என்றால் நமது வீடு மட்டுமல்ல. முதலாவது காருக்கு நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரியே போதும். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே.

இரண்டாவது அடித்தட்டை மகனும் அம்மப்பாவும் பங்குனியில் செய்து முடித்தனர். 6 மில்லிமீற்றர் பேர்ச் ஒட்டுப்பலகை. மூலைகள் வட்டமாக அரத்தால் தேய்க்கப்பட்டவை. மூன்று பூச்சு வார்னிஷ். பற்றரிக்கு இருபுறமும் தடுப்பாக மடித்த அலுமினியப் பட்டை. முன்னால் பொலியெத்திலீன் இடிதாங்கி. அதே தரிப்பிடத்தில் அதே சீமெந்து விளிம்பில், இம்முறை வேண்டுமென்றே, மோதவிட்டான். இடிதாங்கி மடங்கி நிமிர்ந்தது. கார் பின்னால் துள்ளி விழுந்து, நிமிர்ந்து, ஓடியது. முன்பக்கத்துப் போல்ற் துளைகளில் ஒன்று மட்டும் சற்று நீள்வட்டமாகியிருந்தது. பெரிய வாசர் போட்டால் சரியாகும் என்கிறார் அம்மப்பா. இடிதாங்கிக்குத் தன் புதிய மரக்கறிப் பலகை வெட்டப்பட்டதைக் கண்டுபிடித்த என் மனைவி, மிஞ்சியிருக்கும் மற்றொன்றை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்.